'இம்யூன்' என்னும் சொல்லும் இறையிலி நிலமும்

நம் சங்கத்து ஆண்டு விழா மலரில் தமிழ்ச் சொற்களைப் பற்றி எழுதுவதே முறை. இவ்வாண்டு ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி எழுதத் துணிந்தமைக்கு அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக. அச்சொல் 'இம்யூன்' என்பது. அதன் வழிவந்த 'இம்யூனிட்டி' என்னும் சொல்லோ இன்று நம் அடுக்களை வரையில் வந்து குடியேறிவிட்டது. குழந்தைக்கு அடிக்கடி சளி பிடித்தால் மருத்துவர் "இம்யூனிட்டி குறைவு" என்கிறார். ஆளுநர் மீது வழக்குத் தொடுக்கலாமோ என்று வினவினால் வழக்கறிஞர் "அவருக்கு இம்யூனிட்டி உண்டு" என்கிறார். எத்தனை முறை கண்டித்தாலும் திருந்தாத மகனைப் பார்த்துத் தாய், "இவன் என் ஏச்சுக்கு இம்யூன் ஆகிவிட்டான்" என்று சிரிக்கிறாள். நோய், சட்டம், ஏச்சு ஆகிய மூன்றும் தம்முள் தொடர்பற்றவை. மூன்றினாலும் தாக்குறாமல் நிற்பவனை ஒரே சொல் எவ்வாறு குறிக்கலாயிற்று? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

இதனை மைசூரில் இருந்து எழுதுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. இச்சொல்லின் மருத்துவப் பொருளுக்கு இந்திய நாட்டில் கிடைக்கும் பழைய ஓவியச் சான்றுகளுள் ஒன்று இந்நகரத்து அரண்மனையைச் சார்ந்தது. அதற்குச் செல்லுமுன் சொல்லின் பிறப்பைக் காண்போம்.

சொல்லின் பிறப்பு

இலத்தீன் மொழியில் 'மூனுஸ்' என்று ஒரு சொல் உண்டு. கடமை, பொதுப்பணி, ஊருக்குச் செலுத்த வேண்டிய சுமை என்பன அதன் பொருள்கள். கொடை என்பதும் அதன் பொருளே. கடமைக்கும் கொடைக்கும் உரோமர் ஒரே சொல்லை வைத்திருந்தது எண்ணத்தக்கது. இம்'மூனுஸ்' இல்லாதவன் 'இம்மூனிஸ்'. அஃதாவது வரியும் ஊழியமும் விலக்கப்பெற்றவன். உரோமப் படையில் அறுவை மருத்துவர், நிலம் அளப்போர், கொல்லர் முதலிய கைவினைஞர்க்கு அகழி வெட்டுதல் போன்ற பொது வேலைகளிலிருந்து விலக்கு உண்டு. அவர்களை 'இம்மூனேஸ்' என்றே வழங்கினர். அவர்கள் சோம்பியிருக்க விலக்கப்பெற்றவர் அல்லர். பிறரால் இயலாத வேறொரு பணிக்காக விலக்கப்பெற்றவர்.

இதே வேரிலிருந்து பிறந்த வேறு சொற்களும் நமக்குப் பழக்கமானவையே. கடமையை ஒருங்கே தாங்குவோர் 'கம்மூனிஸ்'. அதிலிருந்து வந்ததே சமுதாயத்தைக் குறிக்கும் 'கம்யூனிட்டி'. கடமையை ஏற்றுக்கொண்ட ஊர் 'மூனிகிப்பியும்'. அதுவே நாம் நாள்தோறும் குறைகூறும் 'முனிசிபாலிட்டி'. ஆக, இம்யூனிட்டியும் கம்யூனிட்டியும் முனிசிபாலிட்டியும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்று சுமையிலிருந்து விலகியது. ஒன்று சுமையைப் பகிர்ந்தது. ஒன்று சுமையை ஏற்றது.

ஆங்கிலத்திலும் இச்சொற்கள் முதலில் சட்டத்தையும் வரியையும் பற்றியே வழங்கின. நோயைப் பற்றிய பொருள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் வேரூன்றியது. ஆயினும் அதற்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உலூக்கன் என்னும் இலத்தீன் புலவர், பாம்பின் நஞ்சு ஏறாதவர் என்று கருதப்பட்ட வட ஆப்பிரிக்க மக்களான சில்லியரைக் குறிக்க இச்சொல்லைக் கையாண்டார். வரி கொடாதவனுக்குரிய சொல்லை நஞ்சேறாதவனுக்கு ஏற்றிய அப்புலவரின் துணிவை மருத்துவ உலகம் நெடுங்காலம் கழித்தே பின்பற்றியது.

நம் கல்வெட்டுகளில்

வரிச்சுமை நீங்கிய நிலையைக் குறிக்கத் தமிழில் சொல் இல்லையா? அழகான சொல் உண்டு. அது 'இறையிலி'. இறை என்பது அரசனுக்குரிய வரி. அஃது இல்லாதது இறையிலி. அமைப்பிலும் பொருளிலும் 'இம்மூனிஸ்' என்பதன் உடன்பிறப்பாகவே அது தோன்றுகிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விட்ட தேவதானமும், அந்தணர்க்கு விட்ட பிரமதேயமும், சமண பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட பள்ளிச்சந்தமும் இறையிலியாக விளங்குவதைக் காணலாம்.

இதனைக் காண நாம் தஞ்சைக்குச் செல்ல வேண்டுவதில்லை. நம் மைசூருக்கு அண்மையில் காவிரிக்கரையில் மணல் மூடிக் கிடக்கும் தலைக்காடு, 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் கைப்பட்டு இராசராசபுரம் என்று பெயர் பெற்றது. 1116ஆம் ஆண்டளவில் போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் அதனை மீட்கும் வரையில் சோழர் ஆட்சி அங்கு நடந்தது. தலைக்காட்டிலும் கோலார்ப் பகுதியிலும் உள்ள தமிழ்க் கல்வெட்டுகள் அக்காலத்துக்குச் சான்று கூறுகின்றன. கன்னட நாட்டுச் சாசனங்களிலும் 'சர்வமான்யம்' என்னும் பெயரால் இத்தகைய விலக்கு வழங்கியது. ஆகவே விலக்குரிமை என்னும் கருத்து இம்மண்ணுக்குப் புதியதன்று.

இறையிலியில் ஒரு நுட்பம் உண்டு. வரி நீங்கிய நிலத்துக்குப் பொறுப்பு நீங்குவதில்லை. விளக்கெரிக்கவும், அமுது படைக்கவும், வருவோர்க்குச் சோறிடவும் அந்நிலத்தின் விளைவு கட்டுப்பட்டிருந்தது. அரசனுக்குச் செல்ல வேண்டிய வரியும் பல இடங்களில் மாயமாய் மறைந்துவிடவில்லை. ஊர்ச்சபையார் கொடையாளரிடம் ஒரு தொகையை முன்னதாகப் பெற்றுக்கொண்டு, அந்நிலத்துக்குரிய வரியைத் தாமே இறுத்துவரப் பொறுப்பேற்றதைக் கல்வெட்டுகள் பலவற்றில் படிக்கிறோம். ஒருவன் இறையிலியாக வேண்டுமாயின் அவன் சுமையை வேறொருவர் தாங்கியாக வேண்டும் என்பதை நம் முன்னோர் கல்லிலேயே வெட்டிவைத்தனர். இந்நுட்பத்தை மனத்திற் கொண்டு, இனி நோய்க்கு வருவோம்.

மைசூர் அரண்மனையில்

பெரியம்மை என்ற சொல் இன்றைய இளைஞர்க்கு வெறும் சொல்லே. முன்னாளில் அஃது ஊரைக் காலி செய்த கொடுநோய். அதன் கடிய வகையில் நோயுற்றோருள் நூற்றுக்கு முப்பதின்மர் அளவில் மாண்டனர். பிழைத்தோர் பலர் முகம் முழுதும் வடுவுற்றனர்; சிலர் கண்ணிழந்தனர். வைசூரி என்றும், அம்மை வார்த்தது என்றும், தாய் இறங்கியது என்றும் நம்மவர் கூறினர். கன்னடத்தார் 'சிடுபு' என்றனர். 'அம்மா' என்று அவர்கள் கூறுவதும் உண்டு. வாயிலில் வேப்பிலை கட்டி, தாளிப்பு நிறுத்தி, தலைக்கு நீர் ஊற்றும் நாளை எண்ணிக் காத்திருந்த வீடுகள் இரு நாட்டிலும் ஒன்றுபோலவே இருந்தன.

ஒருமுறை அம்மை கண்டவரை அது மீண்டும் தீண்டுவதில்லை என்பதை மக்கள் பட்டறிவால் அறிந்திருந்தனர். அதனால் நோயுற்றவரின் பொருக்கைப் பொடித்து மூக்கில் ஏற்றியும், சீழைத் தோலில் கீறி ஏற்றியும், சிறு அளவில் நோயை வருவித்துக்கொள்ளும் பழைய முறை பல நாடுகளில் இருந்தது. அதில் ஆபத்தும் இருந்தது. 1796ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் இங்கிலாந்தில் எட்வர்டு சென்னர் என்னும் மருத்துவர், பசுவின் அம்மைப் பாலை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் குத்தி, அவன் பெரியம்மைக்குத் தப்புவதைக் காட்டினார். பசுவை இலத்தீனில் 'வாக்கா' என்பர். 'வாக்சின்' என்னும் பெயர் அதிலிருந்து வந்தது.

அக்காலத்தில் குளிர்பெட்டி இல்லை. வெப்ப நாட்டில் அம்மைப்பால் விரைவில் வீணாகிவிடும். ஆகவே ஒருவர் கையில் எழும் கொப்புளத்திலிருந்து மற்றொருவர் கைக்கு என்று, கை மாற்றிக் கை மாற்றியே அதனை உயிரோடு கொண்டுவந்தனர். வியன்னாவிலிருந்து பாக்தாது, பாசுரா வழியாக அது பம்பாயை அடைந்தது. 1802ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள் பம்பாயில் அன்னா டசுட்டால் என்னும் மூன்று வயதுக் குழந்தையின் கையில் அது பலித்தது. இந்திய நாட்டில் அக்காலத்தில் பரவிய அம்மைப்பால் அச்சிறு கையிலிருந்து தொடங்கியதே.

இனி மைசூரைக் காண்போம். 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், உடையார் குலத்துச் சிறுவரான மூன்றாம் கிருஷ்ணராச உடையார் அரியணை ஏறினார். அப்போது அவருக்கு அகவை ஐந்து. அரசியலைத் திவான் பூர்ணையா நடத்தினார். அரண்மனையில் முதுபெரும் அரசியான இலட்சுமி அம்மணி பெருஞ்செல்வாக்குடன் விளங்கினார். 1805ஆம் ஆண்டளவில் இளமன்னருக்கு வாழ்க்கைப்பட வந்தவர் தேவாசம்மணி.

அவ்வாண்டில் தாமசு இக்கி என்னும் ஐரிசு ஓவியர் மைசூரில் இருந்தார். மூன்று பெண்டிரை அவர் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று உண்டு. நெடுங்காலம் அதனை நாட்டிய மகளிரின் படம் என்றே எண்ணியிருந்தனர். நைசல் சான்சலர் என்னும் வரலாற்றறிஞர் அப்பெண்டிரின் அணிகலன்களையும் அரண்மனைப் பதிவுகளையும் ஆராய்ந்து, அவர்கள் மைசூர் அரசகுல மகளிர் என்று கூறினார். அவர் கருத்துப்படி வலப்புறம் நிற்பவர் தேவாசம்மணி. மேலாடையைச் சற்றே விலக்கி, அம்மை குத்திய மேற்கையைக் காட்டும் பாவனையில் நிற்கிறார். இடப்புறம் நிற்பவர் மன்னரின் மற்றோர் அரசி. அவர் மூக்கையும் வாயையும் சுற்றிக் காணும் நிறமாற்றம், பொருக்கை மூக்கில் ஏற்றிய பழைய முறையின் அடையாளம். நடுவில் நிற்பவர் இலட்சுமி அம்மணி. பழைய முறையும் புதிய முறையும் இரு மருங்கும் நிற்க, முதியவர் இடையே நிற்கும் காட்சி இது. இஃது ஓர் அறிஞர் காட்டும் விளக்கமே எனினும், அரசி அம்மை குத்திக்கொண்டதைக் கண்டு குடிமக்கள் பலர் முன்வந்தனர் என்று 1806ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று கூறுவது அதற்கு வலுவூட்டுகிறது.

அரசமகளிர் அந்நியர் முன் வாராத காலம் அது. அத்தகைய காலத்தில் ஓர் இளம் அரசி தன் கையை ஊரறியக் காட்டினாள் என்றால் அதன் பொருள் யாது? "நான் தப்பினேன்" என்பது மட்டுமன்று. "நீங்களும் தப்பலாம், அஞ்சாதீர்" என்பதே அதன் பொருள். அக்கைக்கு வந்த அம்மைப்பாலும் எங்கிருந்து வந்தது? எண்ணற்ற சிறுவர் சிறுமியரின் கைகளைக் கடந்து வந்தது. அவர்களுள் பெரும்பாலோர் ஏழைக் குழந்தைகள், பெயர் தெரியாதவர்கள். சாதியும் குலமும் பார்த்துத் தொட்ட நாட்டில், அந்நீர் மட்டும் எல்லாக் கைகளையும் ஒரே சங்கிலியாய்க் கோத்தது. அரசியின் காப்பு, அக்குழந்தைகள் அளித்த கொடை. கடமைக்கும் கொடைக்கும் ஒரே சொல் வைத்த உரோமர் இதனைக் கண்டிருப்பின் வியந்திரார்.

தமிழகத்திலும் அக்காலத்தில் அச்சத்தைப் போக்கும் முயற்சி நடந்தது. திருக்குறளை ஆராய்ந்து ஆங்கிலத்தில் உரை வரைந்தவரும், 1819இல் மறைந்தவருமான எல்லிசு துரை, சக்தி தேவியும் தன்வந்திரியும் உரையாடுவதாகத் தமிழில் ஒரு கதை புனைந்து, பசுவின் கொடைகளுள் அம்மைப்பாலும் ஒன்று என்று மக்களுக்கு எடுத்துக்காட்ட முயன்றார். கத்தியால் குத்துமுன் சொல்லால் நெஞ்சைத் தொட வேண்டும் என்று அவர் அறிந்திருந்தார் போலும்.

எருமையும் தாமரையும் தழும்பும்

தாக்குறாமை என்பது எல்லாம் ஒன்றா? நம் முன்னோர் இதனையும் வகுத்தே வைத்தனர். எருமை மேல் மழை பெய்தாற்போல என்பது ஒரு பழமொழி. அஃது உணர்வு மரத்த நிலை. தாமரை இலைத் தண்ணீர் போல என்பது மற்றொன்று. அது பற்றற்ற நிலை. நீர் மேலே உருளும், ஒட்டாது. 'இம்யூன்' என்பதோ இவ்விரண்டும் அன்று. அம்மை குத்தப்பெற்ற உடல் நோயின் சாயலை ஒருமுறை உள்ளே ஏற்றது. காய்ச்சலும் வலியும் சிறிது பட்டது. பகையின் முகத்தை நினைவில் வைத்துக்கொண்டது. நம் குருதியில் அத்தகைய நினைவு உயிரணுக்கள் உண்டென்று உடலியலார் கூறுவர். ஆகவே இம்யூன் ஆனவன் தொடப்படாதவன் அல்லன், தொடப்பட்டும் வீழாதவன், தொட்டதை மறவாதவன். பெரியம்மை குத்தும் காலத்தில் பிறந்த நம் வீட்டுப் பெரியோரின் கையிலுள்ள வட்டத்தழும்பு அந்நினைவின் முத்திரை.

இதனால் ஓர் எச்சரிக்கையும் பெறலாம். ஏச்சுக்கு 'இம்யூன்' ஆன பிள்ளை என்று தாய் கூறும்போது அவள் குறிப்பது எருமையின் நிலையை. பிறர் துன்பம் கண்டும் அசையாதவனை 'இம்யூன்' என்று சிலர் பெருமையாகக் கூறுவதும் அதுவே. வழக்கில் அப்பொருளும் ஏறிவிட்டது, தவறென்று தள்ளுவதற்கில்லை. ஆயினும் சொல்லின் வேரில் அக்கொடுமை இல்லை என்பதை நாம் அறிதல் நன்று.

வழக்கும் தமிழாக்கமும்

ஆங்கிலம் பயிலும் மாணவர்க்கு ஒரு குறிப்பு. நோய், அறிவுரை, புகழ்ச்சி முதலியன தாக்காமையைக் கூறும்போது 'இம்யூன் டு' என்பது பெருவழக்கு. வரி, வழக்கு, தண்டனை ஆகியவற்றிலிருந்து விலக்குப் பெற்றமையைக் கூறும்போது 'இம்யூன் ஃப்ரம்' என்பர். முன்னது உள்ளிருந்து வரும் ஆற்றல்; பின்னது வெளியிலிருந்து வரும் உரிமை. ஓர் இடைச்சொல் இத்துணை வேறுபாட்டைச் சுமக்கிறது.

தமிழில் இவ்விரண்டுக்கும் வேறு வேறு சொற்களே பொருந்தும். மருத்துவப் பொருளுக்கு நோய் எதிர்ப்பாற்றல், தடுப்பாற்றல் என்பன நம் நாட்டில் வழங்குகின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'நிர்ப்பீடனம்' என்கின்றன. பீடை அற்ற நிலை என்பது அதன் பொருள். சட்டப் பொருளுக்கு விலக்குரிமை என்பது ஏற்கும்.

அச்சட்டப் பொருளிலும் பழைய நுட்பம் மறையவில்லை. நம் அரசியலமைப்பின் 361ஆம் பிரிவு குடியரசுத் தலைவர்க்கும் ஆளுநர்க்கும் பதவிக்காலத்தில் குற்றவழக்கிலிருந்து விலக்களிக்கிறது. 105, 194 ஆகிய பிரிவுகள் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர் அவையில் அஞ்சாது பேசவும் வாக்களிக்கவும் காப்பளிக்கின்றன. அவையில் பேசவோ வாக்களிக்கவோ கையூட்டுப் பெற்றவரும் இக்காப்பைக் கோரலாமோ என்னும் வினா எழுந்தது. 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று அதற்கு ஓரளவு இடமளித்தது. 2024ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் எழுவர் அமர்வு அத்தீர்ப்பை மாற்றி, கையூட்டுக்கு விலக்குரிமை இல்லை என்று ஒருமுகமாகக் கூறியது. கடமையைச் செய்வதற்காகத் தந்த விலக்கு, கடமையை விற்பதற்கு உதவாது என்பதே அதன் சாரம். கோயில் விளக்கு எரியாவிடில் இறையிலிக்குப் பொருள் ஏது?

விலக்குப் பெற்றவன் கடமை

கி.மு. 430ஆம் ஆண்டில் ஏதென்சு நகரில் கொள்ளைநோய் பரவியபோது, அதனை நேரில் கண்ட தூசிடிடீசு என்னும் வரலாற்றாசிரியர், நோயுற்றுப் பிழைத்தவர்களே நோயாளர்க்கும் சாவோர்க்கும் மிகுதியாக இரங்கினர் என்று குறித்தார். அந்நோய் தம்மை மீண்டும் கொல்லாது என்பதை அறிந்தமையால் அவர்கள் அச்சமின்றி அருகிருந்தனர். இம்யூன் என்னும் சொல் மருத்துவத்துக்கு வருமுன்னரே, இம்யூன் ஆனவர் செய்ய வேண்டுவது யாது என்பதை அவர்கள் செய்து காட்டினர்.

அதே உண்மையை இன்றைய அறிவியலும் கூறுகிறது. ஊரில் பெரும்பாலோர் காப்புப் பெற்றுவிட்டால், நோய் செல்ல வழியின்றி நின்றுபோகும். தட்டம்மையைத் தடுக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைவர் அளவில் தடுப்பூசி பெற்றிருக்க வேண்டும் என்பர். எஞ்சிய சிலருள் ஊசி போட வயது வாராத பச்சிளங்குழந்தையும், நோயால் உடல் தளர்ந்தவரும் இருப்பர். அவர்களைக் காப்பது நம் கையிலுள்ள ஊசித்தழும்பு. 2020இல் கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது இதனை 'மந்தை எதிர்ப்பாற்றல்' என்று செய்தித்தாள்கள் மொழிபெயர்த்தன. ஆட்டுக்குரிய சொல்லை நமக்கு ஏன் ஏற்ற வேண்டும்? 'ஊர்க்காப்பு' என்று கூறின் பொருளும் விளங்கும், பொறுப்பும் விளங்கும். பரவலான தடுப்பூசியாலும், நோயுற்றவரைத் தேடிக் கண்டு அவரைச் சூழ்ந்தோர்க்கு ஊசி குத்திய முயற்சியாலுமே 1975ஆம் ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவிலும், 1977ஆம் ஆண்டு அக்டோபரில் சோமாலியாவில் கண்ட கடைசி இயற்கை நோயாளியோடு உலகிலும் பெரியம்மை ஒழிந்தது. 1980ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் உலக நலவாழ்வுப் பேரவை அதனை அறிவித்தது. அதன்பின் பெரியம்மைக்கு ஊசி குத்த வேண்டிய தேவையும் நீங்கியது. முன்னோர் தாங்கிய வலியால் பின்னோர் அனைவரும் இறையிலியாயினர்.

நாம் இந்நகருக்குப் பெயர்ந்து வந்து குடியேறியவர்கள். நம்முள் சிலர் நான்கு தலைமுறையாக இங்கு வாழ்பவர்கள். வந்த இடத்தில் ஒதுங்கி வாழ்வது எளிது. "இவ்வூர்ச் சுமை நமக்கில்லை, இவ்வூர் மொழி நமக்கு வேண்டா" என்று தாமரையிலைத் தண்ணீராய் இருந்துவிடலாம். அவ்வாறே நம் பிள்ளைகள் தமிழ்ச் சுமையும் தமக்கில்லை என்று இருந்துவிடுவர். அது சொல்லின் தேய்ந்த பொருளில் 'இம்யூன்' ஆவது. இந்நகரம் நமக்கு இடம் தந்தது. அண்டை வீட்டார் தம் மொழியைக் கற்பித்தனர். சங்கத்து முன்னோர் நிலம் தேடிக் கட்டடம் எழுப்பி நம் சுமையைத் தாம் தாங்கினர். நாம் அனுபவிக்கும் காப்பு அவர்கள் கொடை. கொடையும் கடமையும் ஒரே சொல் என்பதை நாம் மறவாதிருப்போமாக. ஊரில் தடுப்பூசி முகாம் நடக்கும் நாளில் நம் கையை நாமே முதலில் நீட்டுவோம். ஞாயிறுதோறும் தமிழ் வகுப்புக்கு நம் பிள்ளையை நாமே அழைத்து வருவோம்.

இருநூறு ஆண்டுகட்கு முன் இந்நகரில் ஓர் இளம் அரசி மேலாடையை விலக்கித் தன் கையைக் காட்டி நின்றாள். அக்கை இன்னும் நம்மை நோக்கியே நீண்டிருக்கிறது.

வாழ்க தமிழ்! வளர்க மைசூர் நகரம்!